மரைக்குழல் துப்பாக்கி வந்த பின்னும் கத்திமுனைப் பாய்ச்சல் வென்றது எப்படி?

மணல்மேடு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடந்த போர்களைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். எதைத் திறந்தாலும் ஒரே விளக்கம்தான் கண்ணில் படுகிறது. பழைய மஸ்கெட் துப்பாக்கி 100 கெஜத்துக்கு மேல் நம்பத்தகுந்ததாக இருக்கவில்லை. குழலுக்குள் மரை (சுழல் வரிப்பள்ளம்) வெட்டிய ரைஃபிளும் மினியே குண்டும் வந்த பிறகு 300, 400 கெஜத்திலேயே ஆளை வீழ்த்த முடிந்தது. இதை உணராத தளபதிகள் நெப்போலியன் காலத்து வழக்கப்படி வீரர்களைத் தோளோடு தோள் உரசும் வரிசைகளில் நடத்திச் சென்று பலி கொடுத்தார்கள் என்பதே அந்த விளக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படிக்கும்போது இது பொருந்துவதாகவே தோன்றியது.

ஆனால் ஐரோப்பியப் போர்களுக்கு வந்தபோது குழப்பம் தொடங்கியது. 1859-இல் இத்தாலியில் ஆஸ்திரியக் காலாட்படையின் கையில் லோரென்ஸ் என்ற நல்ல ரைஃபிள் இருந்தது. அப்படியிருந்தும் பிரெஞ்சுக்காரர்கள் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு ஓடிவந்தே மஜெந்தாவிலும் சோல்ஃபெரினோவிலும் வென்றார்கள். அதைப் பார்த்துப் பாடம் கற்றதாக எண்ணிய ஆஸ்திரியர்கள் 1866-இல் அதே முறையை ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் படைகளிடம் கையாண்டு நொறுங்கிப் போனார்கள். இத்தனைக்கும் பிரஷ்யர்களின் ட்ரைசே ஊசித் துப்பாக்கியைவிட லோரென்ஸ் அதிக தூரம் சுடக்கூடியது. அதிக தூரம் சுடும் ஆயுதம் இரண்டு போர்களிலும் தோற்றிருக்கிறது என்றால், ஆயுதம் போர்முறையை மாற்றியது என்று எந்தப் பொருளில் சொல்கிறோம்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கல்மதில் (பதில்):

நண்பர் மணல்மேடு அவர்களுக்கு, உங்கள் குழப்பம் நியாயமானது. நீங்கள் படித்த விளக்கம் முழுப் பொய் அல்ல. ஆனால் துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும் என்பதையும், அதை ஏந்தியவர் எவ்வளவு தூரத்தில் ஆளை வீழ்த்துவார் என்பதையும் அது ஒன்றாக்கிவிடுகிறது.

முதலில் ஆயுதத்தைப் பார்ப்போம். குழலுக்குள் மரை வெட்டினால் குண்டு சுழன்று நேராகச் செல்லும் என்பது பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த செய்தி. நெப்போலியனுக்கு எதிரான போர்களிலேயே ஆங்கிலேயரின் 95-ஆவது படைப்பிரிவு பேக்கர் ரைஃபிளைப் பயன்படுத்தியது. சிக்கல் என்னவென்றால், மரையைக் கவ்விப் பிடிக்கும் அளவுக்கு இறுக்கமான குண்டை வாய்ப்பக்கத்திலிருந்து கோலால் இடித்து இறக்க வேண்டியிருந்ததால் மருந்து கெட்டிக்க அதிக நேரம் பிடித்தது. ஆகவே ரைஃபிள் தேர்ந்தெடுத்த சிலருடைய ஆயுதமாகவே இருந்தது. 1849-இல் பிரெஞ்சு அதிகாரி மினியே அமைத்த குண்டு இந்தச் சிக்கலை அவிழ்த்தது. குழலைவிடச் சற்றுச் சிறியதாக, கூம்பு வடிவில், அடியில் குழிவோடு இருந்த அந்த ஈயக் குண்டு தடையின்றி உள்ளே இறங்கும். மருந்து வெடிக்கும்போது எழும் வாயு அடிக்குழிவை விரித்து ஈயத்தை மரைக்குள் அழுத்தும். சாதாரணச் சிப்பாய்க்கும் ரைஃபிள் கொடுக்க முடிந்தது இதனால்தான்.

அதோடு வந்த இன்னொரு மாற்றத்தைப் பலரும் கண்டுகொள்வதில்லை. சக்கிமுக்கிக் கல்லுக்குப் பதிலாக, தட்டினால் வெடிக்கும் சிறு செப்புத் தொப்பி வந்தது. திருவிழாக் கடையில் வாங்கும் கேப் துப்பாக்கியின் கேப்புக்கும் அடிப்படை அதுவே. 1834-இல் ஆங்கிலேயர் வுல்விச்சில் 6,000 முறை சுட்டுச் சோதித்தபோது கல் துப்பாக்கிகள் 922 முறை வெடிக்க மறுத்தன. தொப்பித் துப்பாக்கிகள் 36 முறை மட்டுமே மறுத்தன. மழையிலும் சுட முடிகிறது, விசையை இழுத்தால் வெடிக்கும் என்று நம்ப முடிகிறது என்பவை தூரத்தைவிடச் சிறிய மாற்றங்கள் என்று நான் நினைக்கவில்லை.

இனி 1859-க்கு வருவோம். போருக்குப் புறப்பட்ட தன் படைக்குப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் விடுத்த அறிக்கையில், புதிய துல்லியத் துப்பாக்கிகள் தூரத்தில் மட்டுமே ஆபத்தானவை, கத்திமுனை முன்போலவே பிரெஞ்சுக் காலாட்படையின் அச்சமூட்டும் ஆயுதமாக இருக்கும் என்ற கருத்து இடம்பெற்றிருந்தது. வீரர்களுக்குத் துணிவூட்டச் சொன்ன வெற்றுப் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அது சரியான கணிப்பாகவே இருந்தது. ஆஸ்திரியப் படையில் பலருக்கு அந்த ரைஃபிளில் போதிய பயிற்சி இல்லை. தூரத்தை மதிப்பிட்டு, அதற்கேற்பக் குறித்தகட்டை (குழலின் மேல் குறிபார்க்க உதவும் தகடு) உயர்த்தித் தாழ்த்தத் தெரியாதவரிடம் இந்த வகை ரைஃபிளைக் கொடுத்தால், அது பழைய மஸ்கெட்டைவிடச் சிறப்பாக வேலை செய்யாது. பிரெஞ்சுக்காரர்கள் முன்னே சிதறல் வீரர்களை (இடைவெளி விட்டுப் பரவி நின்று சுடுபவர்களை) அனுப்பி, பின்னே சிறு திரள்களாக ஓட்டமும் நடையுமாக வந்து, குண்டுகள் தலைக்கு மேல் பறக்கும் பகுதிக்குள் நுழைந்துவிட்டார்கள். அவர்களுடைய புதிய மரைக்குழல் பீரங்கிகள் ஆஸ்திரியப் பீரங்கிகளையும் பின்னால் காத்திருந்த படைகளையும் தொலைவிலிருந்தே தாக்கியதும் இதற்குத் துணையாயிற்று. கத்தி மட்டும் வென்றது என்று ஆஸ்திரியர்கள் நினைத்ததில் முதல் பிழை இங்கேதான் இருக்கிறது.

பழைய கணக்கு வாத்தியார் (பதில்):

கல்மதில் ஐயா "தலைக்கு மேல் பறக்கும் பகுதி" என்று ஒரு சொல்லில் கடந்து போய்விட்டார். இந்த விவாதத்தின் உயிர்நாடி அதுதான் என்பதால், ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கே உரிய பிடிவாதத்தோடு கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

மினியே வகைக் குண்டு குழலை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 950 அடி. இன்றைய ராணுவ ரைஃபிள்களின் வேகத்தில் இது மூன்றில் ஒரு பங்கு அளவே. 300 கெஜத்தைக் கடக்க அந்தக் குண்டுக்கு ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருப்பதால், 300 கெஜத்தில் நிற்பவரின் இடுப்பில் பட வேண்டுமானால், குழலை நிமிர்த்திப் பாதி வழியில் சுமார் நான்கரை அடி கூடுதல் உயரத்துக்குக் குண்டு எழும்பும்படி சுட வேண்டும். தோள் உயரத்திலிருந்து புறப்படும் குண்டு இப்படி எழும்பினால் நடுவழியில் அதன் உயரம் எட்டரை அடியைத் தொடும். அதாவது 150 கெஜத்தில் ஒருவர் நிமிர்ந்து நின்று கையசைத்தாலும் அவர்மேல் படாது. என் கணக்குப்படி, 300 கெஜத்துக்குக் குறிவைத்த துப்பாக்கி, சுடுபவருக்கு மிக அருகிலுள்ள சிறு பகுதியை விட்டால், ஏறக்குறைய 250 கெஜத்திலிருந்து 340 கெஜம் வரை உள்ள பட்டையில் நிற்பவரை மட்டுமே வீழ்த்தும். காற்றின் தடையைத் தோராயமாகத்தான் சேர்த்திருக்கிறேன். நிலம் சமதளம் என்றும் கொண்டிருக்கிறேன். 500 கெஜத்துக்குக் குறிவைத்தால் இந்தப் பட்டை இன்னும் குறுகிவிடும்.

இப்போது ஓடி வருபவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு முறையைப் பின்பற்றி அமெரிக்க அதிகாரி வில்லியம் ஹார்டி 1855-இல் வகுத்த பயிற்சி விதிகளில், விரைவு ஓட்டம் நிமிடத்துக்கு 165 அடிவைப்பு, ஒவ்வொன்றும் 33 அங்குலம் என்று இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், நிமிடத்துக்கு 151 கெஜம் வருகிறது. நான் சொன்ன 90 கெஜப் பட்டையை அந்த வேகத்தில் கடக்க 36 நொடி போதும். வாய்வழி மருந்திடும் ரைஃபிளால் நல்ல சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவார். போர்க்களத்தில் இரண்டு முறை என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, ஓடி வருபவர்மீது ஒரு குண்டோ இரண்டு குண்டோதான் பயனுள்ளதாகப் பாயும். அதன் பிறகு குறித்தகட்டை இறக்கினால்தான் ஆயிற்று. புகை கண்ணை மறைக்க, பக்கத்தில் நிற்பவர் சாய, அதிகாரி கத்த, அந்த நேரத்தில் தகட்டை இறக்க நினைவிருப்பவர் எத்தனை பேர்?

ஆங்கிலேயர் இதை உணர்ந்துதான் 1853-இல் ஹைத் என்ற கடற்கரை ஊரில் தனியாகத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது அங்கே முக்கியப் பாடம்.

ஊர்க்குருவி (பதில்):

வாத்தியார் ஐயாவின் கணக்கை ரசித்தேன். அமெரிக்கப் போரைப் பற்றி இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

மணல்மேடு அவர்கள் அந்தப் போருக்கு வழக்கமான விளக்கம் பொருந்துவதாக எழுதியிருக்கிறார். எனக்கு அதில் பாதி ஐயம் உண்டு. அங்கே பெரும்பாலான சண்டைகள் காட்டிலும் மேடுபள்ளத்திலும் வேலிகளுக்கு இடையிலும் நடந்தன; 300 கெஜத்துக்குப் பார்வையே எட்டாத இடங்கள் பல. படைகள் சுடத் தொடங்கிய தூரம் பெரும்பாலும் பழைய மஸ்கெட்டின் தூரத்தைவிடச் சிறிதே கூடுதல். 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் நியூ ஜெர்சியின் 12-ஆவது ரெஜிமெண்ட் மரையற்ற பழைய துப்பாக்கிகளோடுதான் நின்றது. ஒரு பெரிய குண்டும் மூன்று சிறு ரவைகளும் சேர்ந்த தோட்டாக்களைச் சிலர் பிரித்து, வெறும் ரவைகளாலேயே நிரப்பிக்கொண்டு, ஜூலை 3 அன்று தென்மாநிலத் தளபதி பிக்கெட்டின் பெயரால் அறியப்படும் தாக்குதலை எதிர்கொண்டார்கள். எதிரி அருகே வரும்வரை பொறுத்திருந்து சுட்டபோது, அந்தப் "பழைய" ஆயுதம் கொடுமையாகவே வேலை செய்தது.

அதே களத்தில் போருக்குப் பின் பொறுக்கி எடுத்த துப்பாக்கிகள் 27,000-க்கும் மேல். அவற்றில் சுமார் 24,000 இன்னும் கெட்டித்த நிலையில் இருந்தன. அப்படிக் கெட்டித்தவற்றில் பாதித் துப்பாக்கிகளில் இரண்டு தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒன்றில் 23 தோட்டாக்கள் அடைத்திருந்தன. முதல் தோட்டா வெடிக்கவில்லை என்பதைக்கூட உணராமல் ஒரு மனிதர் மேலும் மேலும் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். இந்த மனநிலையில் குறித்தகட்டை யார் பார்ப்பார்கள்?

ஆயினும் வெற்றிகரமான தாக்குதல்கள் அரிதாயின என்பது உண்மையே. 1862 டிசம்பர் 13 அன்று ஃபிரெட்ரிக்ஸ்பர்க்கில் ஒரு கல்சுவருக்குப் பின்னால் நின்ற தென்னவர்களை (தென்மாநிலப் படையினரை) நோக்கி வடவர்கள் (வடமாநிலப் படையினர்) அலையலையாக ஏறி வந்தார்கள். அன்று வடவர்கள் இழந்தவர்கள் 12,000-க்கும் மேல், தென்னவர்கள் இழந்தது அதில் பாதிக்கும் குறைவு. அங்கே கொன்றது தூரமா, சுவரா என்று கேட்டால், சுவருக்குப் பின்னால் பாதுகாப்பாக நின்று, பின்னாலிருப்பவர் மருந்து கெட்டித்துக் கொடுக்க, இடைவிடாமல் சுட முடிந்ததுதான் என்பேன்.

இதைப் புரிந்துகொண்ட தளபதிகளும் இருந்தார்கள் என்பதற்கு வடவர் படையின் எமோரி அப்டன் சான்று. 1864 மே 10 அன்று ஸ்பாட்சில்வேனியாவில் 12 ரெஜிமெண்டுகளை வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசைகளில் நிறுத்தினார். முன்வரிசை தவிர மற்றவர்களின் துப்பாக்கிகளில் மருந்து கெட்டித்திருந்தது, ஆனால் வெடித்தொப்பி பொருத்தவில்லை; வழியில் நின்று சுடும் ஆசையே வரக்கூடாது என்பதற்காக. மரங்களின் மறைவில் ஏறக்குறைய 200 கெஜம்வரை நெருங்கி, பின் ஒரே ஓட்டமாக ஓடி எதிரியின் அரணுக்குள் குதித்தார்கள். அரண் பிளந்தது, துணைப்படை வராததால் திரும்ப நேர்ந்தது. தளபதிகள் எல்லோரும் மூடர்கள் என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இது போன்றவையே காரணம்.

  

மணல்மேடு:

மூவருக்கும் நன்றி. 90 கெஜப் பட்டையும் 36 நொடியும் என் கண்ணைத் திறந்தன. அப்படியானால் 1859-இல் ஆஸ்திரியர்கள் எடுத்த முடிவு ஒரு வகையில் சரியானதுதானே? எதிரி சுடுவதற்கு முன் ஓடிச் சேர்ந்துவிட வேண்டும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். 1866-இல் அது ஏன் பொய்த்தது?

கல்மதில்:

சரியான கேள்வி. அந்த முடிவு, எதிரியின் கையில் வாய்வழி மருந்திடும் ரைஃபிள் இருக்கும்வரை மட்டுமே சரி. இதை 1864-இல் ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் சேர்ந்து டென்மார்க்கோடு நடத்திய போரின் இரண்டு சண்டைகள் தெளிவாகக் காட்டுகின்றன.

பிப்ரவரி 6 அன்று ஓவர்சே என்ற இடத்தில் கேப்லென்ஸ் தலைமையிலான ஆஸ்திரியர்கள் டேனியர்களைக் கத்திமுனைப் பாய்ச்சலால் விரட்டினார்கள். இழப்பு அதிகம், ஆனால் வெற்றி. வியன்னாவில் முறை சரி என்பது உறுதியாயிற்று. அதே ஆண்டு ஜூலை 3 அன்று லுண்ட்பி என்ற சிற்றூர் அருகே டேனியக் கம்பெனி ஒன்று, மண்மேட்டுக்குப் பின்னால் இருந்த, தன்னைவிடச் சிறிய பிரஷ்யப் பிரிவை நோக்கி அதே போலத் திரளாகப் பாய்ந்தது. சில நிமிடங்களில் டேனியர்கள் பாதிக்கு மேல் இழந்தார்கள். பிரஷ்யர்களில் மூன்று பேர் காயமடைந்தார்கள், அவ்வளவுதான். இரண்டு சண்டைகளிலும் பாய்ச்சல் ஒன்றுதான். எதிரே இருந்த துப்பாக்கிதான் வேறு. (ஜூலை 3 என்ற தேதிக்கு இந்தக் காலத்தில் ஏதோ சாபம் போலும்: பிக்கெட்டின் தாக்குதலும் லுண்ட்பியும், 1866-இல் ஆஸ்திரியர்கள் நொறுங்கிய கோனிக்ரேட்ஸ் போரும் வெவ்வேறு ஆண்டுகளில் அதே தேதியில்தான் நடந்தன.)

ட்ரைசே துப்பாக்கியைப் பிரஷ்யா 1841-இலேயே ஏற்றிருந்தது. தாழ்ப்பாள் போன்ற பூட்டைத் திறந்து, பின்புறமாகத் தோட்டாவை வைத்து மூட வேண்டும். நீண்ட ஊசி ஒன்று மருந்தைத் துளைத்துச் சென்று வெடிபொருளைத் தட்டும். பூட்டின் இடுக்கில் வாயு கசியும், முகத்தில் அடிக்கும். தூரமும் லோரென்ஸைவிடக் குறைவு. ஆனால் நிமிடத்துக்கு ஐந்து முறை நிதானமாகச் சுடலாம். அதைவிட முக்கியம், படுத்துக்கொண்டே தோட்டா இடலாம். கோலால் இடிக்க வேண்டிய துப்பாக்கிக்காரர் எழுந்து நின்றே ஆக வேண்டும். படுத்தபடி அதைச் செய்வது பெரும்பாடு.

வாத்தியார் ஐயாவின் கணக்கை இங்கே திருப்பிப் போடுங்கள். தூரத்தில் சுடாமல் பொறுத்திருந்து, ஓடி வருபவர் 200 கெஜத்துக்குள் வந்த பிறகு தாழ்வாகச் சுட்டால், குண்டு எங்கும் தலைக்கு மேல் எழும்பாது. அவர் வந்து சேரும் ஒன்றேகால் நிமிடத்தில் ஆறேழு முறை சுடலாம். குண்டுகள் தலைக்கு மேல் பறக்கும் பகுதி என்று பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்த இடமே கொலைக்களம் ஆகிவிட்டது.

1866 ஜூன் 27 அன்று டிராட்டெனாவில் அதே கேப்லென்ஸ் பிரஷ்யர்களைப் பின்வாங்க வைத்தார். அந்தப் போரில் ஆஸ்திரியாவின் வடக்குப் படைக்குக் கிடைத்த ஒரே குறிப்பிடத்தக்க வெற்றி அது. வென்றவர் இழந்தது சுமார் 4,700 பேர். தோற்றவர் இழந்தது சுமார் 1,300 பேர். மறுநாளே அவருடைய படை பிரஷ்யக் காவற்படையிடம் சிதறியது. ஆறு நாள் கழித்து கோனிக்ரேட்ஸில், சுவீப் காட்டுக்குள் ஆஸ்திரியப் பட்டாலியன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தியோடு நுழைந்து கரைந்தன. அன்று ஆஸ்திரியத் தரப்பின் மொத்த இழப்பு, கைதிகளையும் சேர்த்து, 40,000-க்கும் மேல். பிரஷ்யர்களுக்குச் சுமார் 9,000.

பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கியை ஆஸ்திரியர்கள் அறியாதவர்கள் அல்லர். சிப்பாய் பதற்றத்தில் தோட்டாக்களை வீணாக்கிவிடுவார் என்ற அச்சமும், கருவூலத்தில் பணமில்லை என்ற உண்மையும் சேர்ந்து அதைத் தள்ளிப்போட வைத்தன. பல மொழி பேசும் வீரர்களைக் கொண்ட படைக்குத் திரளாகப் பாய்வதைக் கற்றுத்தருவது, தூரம் மதிப்பிட்டுச் சுடக் கற்றுத்தருவதைவிட எளிது, மலிவும்கூட. முறையைத் தேர்ந்தெடுத்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

ஊர்க்குருவி:

கல்மதில் ஐயா சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும் என்று நினைக்கிறேன். துப்பாக்கிக்கே எல்லாப் புகழையும் கொடுத்துவிட வேண்டாம். பிரஷ்யர்கள் 250 பேர் கொண்ட கம்பெனிகளாகப் பிரிந்து, காட்டுக்குள்ளும் ஊர்களுக்குள்ளும் தாமாக நகர்ந்து போரிடப் பழகியிருந்தார்கள். குறிசுடும் பயிற்சிக்கும் ஆஸ்திரியர்களைவிடப் பல மடங்கு தோட்டா செலவழித்தார்கள். ட்ரைசேயை அப்படியே ஆஸ்திரியரின் பெருந்திரள்களிடம் கொடுத்திருந்தால், நடுவில் நிற்பவர்கள் சுடவே முடிந்திருக்காது.

வெண்ணாற்றங்கரை (பதில்):

விவாதத்தைத் திசைதிருப்ப விரும்பவில்லை. மினியே குண்டின் முன்கதையில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். நார்ட்டன் என்ற ஆங்கிலேய கேப்டன், தென்னிந்தியாவில் ஊதுகுழல் அம்பின் அடியில் தாமரை நெட்டி வைத்திருப்பதையும், ஊதும்போது அது விரிந்து குழலை அடைத்துக்கொள்வதையும் கவனித்து, 1823-இல் அடிக்குழிவுள்ள குண்டை அமைத்தார் என்று துப்பாக்கி வரலாறுகளில் சொல்லப்படுகிறது. ஆங்கிலேய ராணுவம் அப்போது அதை ஏற்கவில்லை. பிற்பாடு அதே கொள்கையில் வந்த என்ஃபீல்டு ரைஃபிளின் கொழுப்புத் தடவிய தோட்டாதான் 1857-இல் வட இந்தியாவில் தீ மூட்டியது. குண்டு சிக்காமல் மரைக்குழலுக்குள் இறங்கவும், கரி படிந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்கவும் அந்தக் கொழுப்பு தேவைப்பட்டது.

பழைய கணக்கு வாத்தியார்:

நெட்டிச் செய்தி எனக்குப் புதிது, நன்றி.

ஊர்க்குருவி சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். அதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. 1866-இல் வென்ற பிரஷ்யர்கள் நான்கு ஆண்டு கழித்துப் பிரெஞ்சுக்காரர்களைச் சந்தித்தபோது, எதிரே ஷாஸ்போ துப்பாக்கி இருந்தது. அதுவும் பின்புறம் தோட்டா இடுவதுதான். ஆனால் குறித்தகடு 1,200 மீட்டர்வரை அளவிட்டது, குண்டின் வேகம் அதிகமாதலால் பாதை தட்டையானது. தலைக்கு மேல் பறக்கும் பகுதி பெருமளவு சுருங்கிவிட்டது. 1870 ஆகஸ்ட் 18 அன்று செயின்ட் பிரிவா ஊரை நோக்கி, மறைவே இல்லாத சரிவில், பிரஷ்யக் காவற்படை நெருக்கமான அணிகளில் ஏறியது. அரை மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 8,000 பேர் வீழ்ந்தார்கள். மீதமிருந்தவர்கள் தரையோடு தரையாகப் படுத்து, பீரங்கிகள் அந்த ஊரைத் தகர்க்கும்வரை காத்திருந்தார்கள்.